பிரெஞ்சுக் குடியேறிகளின் வழித்தோன்றல்கள்: பெயரில் இல்லை வம்சாவளி

புது தில்லி: மக்களவையில் ஆங்கிலோ இந்தியர்களுக்கு இருந்த இரண்டு நியமன இடங்கள் 2020 ஜனவரி 25-ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தன. அதற்கான மசோதா மீது 2019 டிசம்பரில் விவாதம் நடந்தபோது, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அச்சமூகத்தினர் நாட்டில் 296 பேர்தான் என்றார் அப்போதைய சட்ட அமைச்சர் ரவிசங்கர் பிரசாத். எதிர்க்கட்சி வரிசைகளில் கடும் ஆட்சேபம் எழுந்தது.

யாரை எண்ணினார்கள் என்பதே கேள்வி. அரசியல் சாசனத்தின் 366(2)-ஆவது பிரிவு 'ஆங்கிலேயர்' என்று சொல்லவில்லை. தந்தைவழியில் 'ஐரோப்பிய' மூதாதையரைக் கொண்டு, இந்தியாவில் பிறந்து, இங்கேயே வாழ்பவர் என்கிறது. ஆக, 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலோ சந்திரநாகூரிலோ வந்திறங்கிய பிரெஞ்சுச் சிப்பாயின் ஆண்வழி வாரிசும் சட்டத்தின் பார்வையில் ஆங்கிலோ இந்தியரே. நியமனம் போய்விட்டது, அந்த இலக்கணம் இன்றும் சாசனத்தில் இருக்கிறது.

இத்தகைய குடும்பங்களின் வேரைத் தேடுவோருக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. பிரான்சுவா மார்த்தேன் 1674-இல் புதுச்சேரியில் காலூன்றிய சிறிது காலத்திலேயே ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவை பதியப்படத் தொடங்கின. 1761-இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கிய பிறகும் பழைய பதிவுகள் தப்பிப் பிழைத்தன. 1676 முதல் 1735 வரையிலானவற்றின் சுருக்கத்தை ஆளுநர் ஆல்பிரெட் மர்த்தினோ 1917-இல் நூலாகவே கொண்டுவந்தார். குடியேற்றங்களின் பதிவேடுகளுக்குப் படி எடுத்து வெர்சேய்க்கு அனுப்ப வேண்டும் என்று 1776-இல் பிரெஞ்சு மன்னர் பிறப்பித்த ஆணையும் கைகொடுத்தது. அந்தப் படிகள் இப்போது எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன, இணையத்திலும் காணலாம்.

ஆனால் ஆண்வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பாதிக் கதைதான் கிடைக்கும். கம்பெனி எழுத்தர்களும் சிப்பாய்களும் வந்த அளவுக்கு பிரெஞ்சுப் பெண்கள் வரவில்லை. டியூப்ளேயின் மனைவி ழான் 1706-இல் புதுச்சேரியில் பிறந்தவர். தந்தை அல்பேர் பிரெஞ்சுக்காரர். தாய் ரோசா தெ காஸ்த்ரோ சென்னையைச் சேர்ந்த இந்தோ-போர்ச்சுகீசியக் குடும்பத்தவர். 'ஜான் பேகம்' என்று பெயர் வாங்கிய இந்த அம்மையாரை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பல இடங்களில் சந்திக்கலாம். பிள்ளைக்கு அவர்மீது அவ்வளவாகப் பிரியம் இல்லை.

புதுச்சேரி வீழ்ந்திருந்த வேளையில், 1762-இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் பிறந்த கேத்தரீன் வொர்லேயின் பயணம் இன்னும் விசித்திரமானது. பிரெஞ்சு அதிகாரியின் மகளான அவர், முதல் கணவரைப் பிரிந்து ஐரோப்பா சென்று, 1802-இல் ராஜதந்திரி தலைராந்தை மணந்தார். இந்தியக் குடியேற்றங்களை பிரான்சுக்கு மீட்டுத் தந்த 1814 பாரீஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் அதே தலைராந்.

தேடுவோர் பெரும்பாலும் இடறி விழுவது பெயரில்தான். 1881 செப்டம்பர் ஆணைப்படி, தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற இந்தியர்கள் குடும்பப் பெயரும் சூட்டிக்கொண்டனர். இயக்கத்தின் முன்னோடி பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' ஆனார். எனவே பிரெஞ்சுப் பெயர் கொண்ட பலரின் முப்பாட்டனார் அசல் தமிழர். இது வெறும் பெயர் விவகாரமல்ல. 1884-இல் வாக்காளர்கள் ஐரோப்பியரும் அவர்தம் வழித்தோன்றல்களும், துறந்தோர், துறவாதோர் என மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். வம்சாவளி வாக்கின் எடையையே தீர்மானித்தது.

1956-இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் வரலாற்று முக்கியத்துவம் கொண்ட ஆவணங்களை பிரான்சுக்கும், நிர்வாகத்துக்குத் தேவையானவற்றை இந்தியாவுக்கும் பிரித்தது. ஒரே குடும்பத்தின் காகிதங்கள் இரு நாடுகளில் கிடப்பது இப்படித்தான். அந்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் எழுதித் தர ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. தேவாலயப் பதிவேட்டில் மூதாதையரைக் கண்டுபிடித்தாலும், பேரப்பிள்ளையின் குடியுரிமை என்று வரும்போது கேட்கப்படுவது அந்த ஆறு மாதத்தில் தாத்தா என்ன எழுதிக் கொடுத்தார் என்பதுதான்.