இரண்டு ராஜினாமா!

பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் நம்ம 'ராய்' மாதிரி இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது 'ருவா'. பாட்ரிக் ருவா. கனடாவின் கியூபெக் நகரத்துக்காரர். ஐஸ் ஹாக்கி கோல் கீப்பர்.

உத்தியோகம் லேசுப்பட்டதல்ல. ஆறடி அகலம், நாலடி உயரத்தில் ஒரு வலை. அதன் முன்னால் நின்று, மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில்கூடப் பறந்து வருகிற ரப்பர் வட்டை உடம்பைக் கொடுத்துத் தடுக்கணும். மனுஷர் கோல் கம்பங்களோடு பேசுவார்! சிரிக்காதீர்கள். இருபது வயசில், 1986-ல், மான்ட்ரியால் அணி ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது இவர் தயவில்தான். 1993-ல் மறுபடியும்.

1995 டிசம்பர் 2. சொந்த மைதானம். எதிரே டெட்ராய்ட். கோல் மேல் கோல்... ஐந்து, ஏழு, ஒன்பது! மாற்று ஆளை முன்னாடியே இறக்கியிருக்கலாம். கோச் மரியோ ட்ரெம்ப்ளே இறக்கவில்லை. சுலபமான ஒன்றைத் தடுத்ததற்கு ரசிகர்கள் கிண்டலாகக் கைதட்ட, ருவா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். ஒருவழியாக வெளியே கூப்பிட்டதும், பெஞ்சுக்குப் பின்னால் இருந்த அணித் தலைவரிடம் நேராகப் போய், இங்கே இதுதான் என் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டார்.

நாலே நாளில் கொலராடோவுக்கு மாற்றல். அடுத்த ஜூனில் கொலராடோவுக்குக் கோப்பை!

ராஜினாமா லெட்டரை மனசுக்குள் எழுதாத ஆபீஸ்காரர் யார்? நானே மாசம் மூணு எழுதுகிறேன். எழுதுவது பெரிசில்லை ஸார்... எழுதின ஆறாம் மாசம் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

2003-ல் ஓய்வு. 551 வெற்றி, அன்றைக்கு அது சாதனை. 2013-ல் அதே கொலராடோவுக்குக் கோச். முதல் மேட்ச்சிலேயே எதிரணி கோச்சோடு சண்டை. நடுவிலிருந்த கண்ணாடித் தடுப்பைத் தள்ளியதற்குப் பத்தாயிரம் டாலர் அபராதம்! ஆனால், அந்த சீஸனின் சிறந்த கோச் விருதும் அவருக்கே.

2016 ஆகஸ்ட். அணி விஷயத்தில் தன் பேச்சு எடுபடவில்லை என்று இரண்டாவது ராஜினாமா. இந்தத் தடவை பெரிய இடம் எதுவும் தயாராக இல்லை. 2018-ல் கியூபெக்கில் தன் பழைய ஜூனியர் அணிக்கே திரும்பி, பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 2023-ல் அவர்கள் மெமோரியல் கோப்பையை ஜெயித்தார்கள். 2024 ஜனவரியில் நியூயார்க் ஐலண்டர்ஸ் கூப்பிட்டது.

எனக்குப் பெரிசாகத் தெரிவது முதல் கோபமல்ல. அந்த இரண்டாவது காத்திருப்புதான்.

சொல்ல மறந்தேனே... கோபித்துக்கொண்டு கிளம்பினாரே, அதே மான்ட்ரியால் 2008-ல் அவருடைய 33-ம் நம்பர் சட்டையைக் கூரையில் ஏற்றி கௌரவித்தது!