காவேரி என்ஜினுக்கான பணம் எங்கே செலவானது?

தொழில்நுட்பம் வளர்ந்தால் விலை இறங்கும் என்பது செல்பேசி நமக்குப் பழக்கிவிட்ட எண்ணம். போர் விமான என்ஜினில் நடப்பது நேர்மாறு. தேஜஸ் விமானத்துக்காகப் பெங்களூருவின் ஜி.டி.ஆர்.இ. ஆய்வகத்தில் காவேரி என்ஜினை உருவாக்க 1989-ல் அனுமதித்த தொகை சுமார் 383 கோடி ரூபாய். 2004-ல் அது 2,839 கோடியாகத் திருத்தப்பட்டது. அப்படியும் 2008-ல் தேஜஸ் திட்டத்திலிருந்து காவேரியைப் பிரித்துவிட்டார்கள்.

பணம் எங்கே போகிறது என்பதை ஒரு டர்பைன் பிளேடைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். உள்ளங்கையில் அடங்கும் அந்தத் துண்டைச் சுற்றிப் பாயும் வாயு, அதன் நிக்கல் கலப்புலோகத்தையே உருக்கிவிடும் அளவுக்குச் சூடானது. உருகாமல் காப்பது உள்ளே ஓடும் நுண்ணிய காற்றுப் பாதைகளும் மேலே உள்ள செராமிக் பூச்சும்தான். படிகங்கள் சேரும் இடத்தில்தான் உலோகம் முதலில் பலவீனப்படும் என்பதால், பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். ஐதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஹெலிகாப்டர் என்ஜினுக்காக இத்தகைய 60 பிளேடுகளை எச்.ஏ.எல். விமான நிறுவனத்துக்குத் தந்தது 2021-ல்தான். இதில் தேறியதும் விமானப் படை அதைவிடச் சூடு தாங்கும், அதைவிட எடை குறைந்த என்ஜினைக் கேட்கும். கணினி வடிவமைப்புச் செலவைக் குறைக்கிறது, உண்மைதான். ஆனால் மிச்சமாகும் பணத்தைக் கூடிக்கொண்டே போகும் எதிர்பார்ப்பு விழுங்கிவிடுகிறது. தவிர, என்ஜினை நிஜமாக வானில் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அதற்கான வசதி இங்கே இல்லாததால், 2010 நவம்பரில் காவேரியை ரஷ்யாவுக்குக் கொண்டுபோய், இல்யுஷின்-76 விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டார்கள்.

நிர்வாகக் கோளாறுதானே காரணம் என்பார்கள். தணிக்கைத் துறையும் தாமதத்தைக் கடுமையாகவே சுட்டிக்காட்டியது. அதில் நியாயம் உண்டு. ஆனால் கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலை என்ற அணு உலையைப் பாருங்கள். 3,492 கோடி என்ற அதன் மதிப்பீடும் பிறகு 5,677 கோடியாக உயர்ந்தது. முதன்முறை செய்யும் எதற்கும் முன்கூட்டியே விலை சொல்வது கடினம். அப்படியானால் வெளியே வாங்கிவிடலாமே என்பது அடுத்த கேள்வி. 2021-ல் அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்திடம் கேட்ட 99 என்ஜின்களில் முதலாவது கைக்கு வந்தது 2025 மார்ச்சில். அதுவரை புதிய தேஜஸ் விமானங்கள் என்ஜினுக்காகக் காத்திருந்தன. இந்தக் காத்திருப்பின் விலை எந்த ஒப்பந்தத் தொகையிலும் சேர்வதில்லை.

அடுத்த தலைமுறைப் போர் விமானத்துக்கான என்ஜினைப் பிரான்சின் சஃப்ரான் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்க அரசு முன்வந்திருக்கிறது. அதற்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு, வான் உயரத்து நிலைமைகளில் என்ஜினைச் சோதிக்கும் கூடத்தை இந்த நாட்டிலேயே கட்டுவதற்குப் போக வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வெளிநாட்டில் தேதி கேட்டு நிற்கும் வரை செலவு நம் கையில் இருக்காது.