இரண்டு லெட்சுமி, இரண்டு அட்டவணை

கெடாவில் பீடோங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். பால்மரம் வெட்டியவர்கள் பால் வாளிகளோடு ஸ்டோருக்கு வருகிறார்கள். கிராணி பாலை நிறுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுகிறார்: தேதி, பெயர், வீட்டு எண், எடை.

லெட்சுமி என்ற தொழிலாளர் 300 நாள் வேலை செய்தால் அவர் வீட்டு எண்ணும் 300 முறை நோட்டில் ஏறும். வீடு மாறினால் அத்தனை வரியையும் திருத்த வேண்டும். பத்து வரி விட்டுப்போனாலும் நோட்டில் அவருக்கு இரண்டு வீடு! தோட்டத்தில் இன்னொரு லெட்சுமியும் இருந்தால், ஒருவர் வெட்டிய பாலுக்கு மற்றவர் கூலி வாங்கிவிடலாம்.

கணினியில் எழுதும்போது நோட்டை இரண்டாகப் பிரிப்போம். ஒவ்வொரு தொழிலாளருக்கும் ஒரு தனி எண் கொடுப்போம்.

தொழிலாளர் அட்டவணை
27 – லெட்சுமி – வீடு 14
41 – லெட்சுமி – வீடு 6

பால் அட்டவணை
மார்ச் 3 – 27 – 18 கிலோ
மார்ச் 3 – 41 – 22 கிலோ
மார்ச் 4 – 27 – 20 கிலோ

இப்போது வீடு மாறினால் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். முதல் அட்டவணையில் தொழிலாளர் எண்தான் முதன்மைச் சாவி. ஒருவரின் எண் வேறு யாருக்கும் வராது. அதே எண் பால் அட்டவணையில் அந்நியச் சாவி. ஒரு தொழிலாளருக்குப் பல பால் வரிகள். இது 'ஒன்றுக்குப் பல' உறவு. தொழிலாளர் அட்டவணையில் இல்லாத 99-ஐப் பால் அட்டவணையில் எழுதப் பார்த்தால், கணினி ஏற்காதபடி கட்டுப்பாடு வைக்கலாம். யார் உழைப்பும் கணக்கில் தொலையாது.

இங்கிலாந்தில் பிறந்த எட்கர் காட், அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்தபோது 1970-இல் அட்டவணைகளைச் சாவியால் இணைக்கும் இந்த முறையை வகுத்துக் கொடுத்தார். 1981-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

நல்ல சாவி எப்படி இருக்கும்? வீட்டில் பெரியவர்களின் அடையாள அட்டையான மைகாட்டைப் பாருங்கள். அதன் எண்ணில் 12 இலக்கம் இருக்கும். முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம்; கெடாவுக்குரிய எண்களில் ஒன்று 02. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஒரே நாளில் சுங்கை பட்டாணியில் இரண்டு லெட்சுமி பிறந்தாலும் கடைசி 4 இலக்கம் அவர்களைப் பிரித்துக் காட்டிவிடும்.

செய்து பாருங்கள்: பள்ளி நூலகத்துக்கு அட்டவணை போடுங்கள். ஒரு மாணவர் பல புத்தகம் எடுப்பார். ஒரு புத்தகம் பல மாணவர் கைக்குப் போகும். இது 'பலவற்றுக்குப் பல' உறவு. மாணவர், புத்தகம் என்று இரண்டு அட்டவணை மட்டும் போதாது. மூன்றாவதாக 'இரவல்' அட்டவணை வேண்டும். அதில் மாணவர் எண், புத்தக எண், தேதி மட்டும் எழுதுங்கள். பெயரும் தலைப்பும் அவற்றுக்குரிய அட்டவணையிலேயே இருக்கட்டும்.