நாயின் தோலில் ஒரு கட்டி

கொசு கடித்த இடம் தடித்து அரிக்கிறதல்லவா? தோலிலுள்ள மாஸ்ட் உயிரணுக்கள் வெளியிடும் ஹிஸ்டமின்தான் காரணம். நாய்களுக்கு மிக அதிகமாக வரும் தோல் புற்றுநோய் இந்த உயிரணுக்களில்தான் தொடங்குகிறது. கட்டி ஒருநாள் வீங்கும், மறுநாள் சுருங்கும். "குறைந்துவிட்டதே!" என்று பலர் ஏமாந்துபோவது இங்கேதான். அழுத்திப் பார்க்காதீர்கள்; ஹிஸ்டமின் மேலும் கசியும்.

கால்நடை மருத்துவர் மெல்லிய ஊசியால் சில உயிரணுக்களை எடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். உள்ளே ஊதா நிறத் துகள்கள் நிறைந்திருந்தால் சந்தேகம் தீரும். அடுத்தது அறுவை சிகிச்சை: சுற்றியுள்ள நல்ல தோலையும் 2, 3 சென்டிமீட்டர் சேர்த்தே வெட்டுவார்கள். வெட்டிய திசுவில் புற்றின் வீரியம் தெரியும். நாயின் ஆயுள் அதைப் பொறுத்தது. 2011இல் வெளியான ஆய்வில், வீரியம் மிகுந்த கட்டி வந்த நாய்களில் பாதி 4 மாதத்திற்குள் இறந்தன. வீரியம் குறைந்தவற்றில் பாதிக்குமேல் 2 ஆண்டுகளைத் தாண்டின.