படிவத்தில் அந்த ஒரு கட்டம்



"ஃபாதர், இந்த இடத்துல ‘இல்லை’ன்னு போட்டுடட்டுமா?" மத்திய அரசுப் பணிக்கான சரிபார்ப்புப் படிவத்தோடு வந்த இளைஞர் ஒருவர் கேட்டார். எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு இருந்ததுண்டா என்பது அங்கிருந்த கேள்வி. ஊர்த் திருவிழாவில் ஒரு கைகலப்பு, அதற்கொரு வழக்கு, பிறகு விடுதலை. முடிந்துபோன கதைதானே என்பது அவர் எண்ணம்.

ஆர்.கே.பேட்டைப் பகுதியின் விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள் இன்று திருத்தணி அரசுக் கல்லூரிக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கும், சீருடைப் பணித் தேர்வுகளுக்கும் போகிறார்கள். ஆகவே இதை நம் வீட்டுப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

முதல் தகவல் அறிக்கையில் பெயர் வந்தாலே ஒருவர் குற்றவாளி ஆவதில்லை. நீதிமன்றம் தண்டித்தால்தான் குற்றவாளி. ஆனால் சிறு வழக்குகளில் பலர் சொல்லும் யோசனை என்ன? "ஒப்புக்கொண்டு அபராதம் கட்டு, இன்றே வேலை முடிந்துவிடும்." வேலை முடிவதில்லை, அதுவும் தண்டனையாகவே பதிவாகிறது. சில நூறு ரூபாயோடு போயிற்று என்று வீடு திரும்பும் பிள்ளை, பின்னொரு நாள் படிவத்தின் முன் திகைத்து நிற்கிறான். கையெழுத்திடும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். வசதியற்றோருக்குத் திருவள்ளூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு. முதன்முறை தவறியவரை எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்க 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் வழிசெய்கிறது. அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியின்மை இல்லை என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. ஆனாலும் நடந்த செயலை வேலை தருபவர் கணக்கில் கொள்ளலாம்.

டெல்லி காவல்துறைப் பணிக்கு 1999-இல் விண்ணப்பித்த சந்தீப் குமார் என்பவர், சமரசத்தில் முடிந்த ஓர் அடிதடி வழக்கை விண்ணப்பத்தில் மறைத்தார். பிந்தைய படிவத்தில் தாமே சொன்னார். வேலை மறுக்கப்பட்டது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இளமையின் சிறு பிழைக்காக ஒருவரை வாழ்நாளெல்லாம் முத்திரை குத்தலாமா என்று கேட்ட நீதிபதிகள், ரொட்டி திருடிய ழான் வால்ழானை நினைவுகூர்ந்தார்கள். சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்த விக்டர் ஹியூகோ நாவலின் நாயகன் அவன். சட்டப் புத்தகங்களுக்கு நடுவே அவனைக் கண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

எல்லாருக்கும் இப்படி அமையும் என்று நம்பி மறைத்துவிடக் கூடாது. 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. தருகிற தகவல் உண்மையாக இருக்கவேண்டும். சிறு வழக்கை மறைத்திருந்தால் வேலை தருபவர் மன்னிக்கலாம், ஆனால் மன்னித்தே ஆகவேண்டும் என்பதில்லை. உண்மையைச் சொன்னாலும் வேலை உறுதி இல்லை. தெளிவாகக் கேட்கப்படாத ஒன்றை மறைத்ததாகக் குற்றம் சாட்ட முடியாது என்பதும் அதில் உண்டு. ஆகவே கேள்வியை இருமுறை படியுங்கள்: தண்டனையை மட்டும் கேட்கிறதா, கைதையும் கேட்கிறதா?

தமிழகக் காவலர் பணி விதி இன்னும் கடுமையானது. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே அது கருதுகிறது.

பதினெட்டு வயதுக்குள் நடந்தது வேறு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அந்தப் பழியால் தகுதியின்மை வராது என்கிறது. பதினாறு வயதுக்கு மேல் கொடிய குற்றத்துக்காகப் பெரியவராக விசாரிக்கப்பட்டுக் குற்றவாளியானவருக்கே விலக்கு.

கல்லூரிக்கு இவ்வளவு அஞ்ச வேண்டாம். அங்கே கேட்கும் நடத்தைச் சான்று, முன்பு படித்த பள்ளி தருவது. சிறையிலிருந்தே படிக்கலாம், பேரறிவாளன் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக எம்.சி.ஏ. வரை முடித்தது சிறைக்குள்தான்.

அந்த இளைஞர் ‘ஆம்’ என்றே எழுதினார். விடுதலைக்கான காரணத்தையும் பார்ப்பார்கள் என்பதால், தீர்ப்பின் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். படிவம் அனுப்பக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை.