மூணே வரியில் ஒரு வாழ்க்கை!

பிறந்தா ஒரு வரி... கல்யாணமானா ஒரு வரி... இறந்தா ஒரு வரி! இங்கிலாந்து சர்ச்சுகளின் பழைய ரிஜிஸ்டர்களில் ஒரு மனுஷனுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். ஆனால், அந்த வரிகளுக்குள்ளே காதல், கொள்ளைநோய், ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு எல்லாமே ஒளிஞ்சிருக்கு!

நம்ம ஊர் தாத்தாக்களில் பல பேருக்கு ரெண்டு பிறந்தநாள். ஒண்ணு நிஜம். இன்னொண்ணு, ஸ்கூலில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பா எழுதிக்கொண்டது. ஷேக்ஸ்பியர் கதை இன்னும் மோசம். அவருக்கு நிஜ பிறந்தநாளே கையில் இல்லை!

ஏப்ரல் 23-னு உலகமே கொண்டாடுதே, அது ஓர் ஊகம்தான். இருக்கிற ஒரே ஆதாரம், அவருடைய சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் ஹோலி டிரினிட்டி சர்ச் ரிஜிஸ்டர். ஜான் ஷேக்ஸ்பியரின் மகன் வில்லியமுக்கு 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் என்று அதில் லத்தீனில் ஒரே ஒரு வரி. குழந்தை பிறந்த சில நாட்களிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். ஸோ, மூணு நாள் பின்னாடி போய் 23-னு வெச்சுக்கிட்டாங்க!

ரெண்டு பூட்டு, ஒரு பெட்டி

இந்த ரிஜிஸ்டர்களை ஆரம்பிச்சு வெச்சவர் தாமஸ் குரோம்வெல். எட்டாம் ஹென்றி மன்னரின் வலதுகை. 1538-ல் ஓர் ஆர்டர் போட்டார். ஒவ்வொரு சர்ச்சும் ஒரு புத்தகம் வாங்கணும். அந்த வாரம் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் எழுதணும். புத்தகத்தை ரெண்டு பூட்டு போட்ட பெட்டியில் வைக்கணும். ஒரு சாவி பாதிரியாரிடம், இன்னொண்ணு சர்ச் நிர்வாகிகளிடம். எழுத மறந்தா ஃபைன்!

'இது ஏதோ புது வரி போடறதுக்கான பிளான்' என்று ஜனங்களுக்குச் சந்தேகம். பின்னே, கவர்ன்மென்ட் திடீர்னு கணக்கெடுத்தா யாருக்குத்தான் வயிறு கலக்காது?

1598-ல் அடுத்த ஆர்டர். பேப்பரில் இருந்த பழைய பதிவுகளைத் தோலில் காப்பி எடுக்கணும். வருஷா வருஷம் ஒரு காப்பி பிஷப்புக்கு அனுப்பணும். நம்ம பாஷையில் சொன்னா, பேக்கப்! இன்றைக்கு நாம பார்க்கிற ஷேக்ஸ்பியர் வரிகூட அப்படிக் காப்பி எடுத்ததுதான்.

ஒரு குடும்பத்தின் கதை

ஷேக்ஸ்பியரின் கல்யாணத்தை ஸ்ட்ராட்ஃபோர்ட் ரிஜிஸ்டரில் தேடினா கிடைக்காது. 1582 நவம்பரில் வூஸ்டர் பிஷப் அலுவலகத்தில் லைசென்ஸ் வாங்கியிருக்கார். மாப்பிள்ளைக்கு 18, பொண்ணு ஆன் ஹாத்வேக்கு 26. மூத்த மகள் சூசன்னாவுக்கு ஞானஸ்நானம் 1583 மே 26. நடுவில் ஆறே மாசம்... கணக்கை நீங்களே போட்டுக்குங்க!

1585 பிப்ரவரி 2-ல் இரட்டைக் குழந்தைகள் ஹாம்னெட், ஜூடித். 1596 ஆகஸ்ட் 11-ல் ஹாம்னெட்டின் அடக்கம். பையனுக்கு 11 வயசு. எப்படி இறந்தான், அப்பா பக்கத்தில் இருந்தாரா, அம்மா எப்படித் தாங்கினாங்க? ரிஜிஸ்டர் வாயே திறக்காது. 

இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நான வரியில் அப்பா பெயர் இருக்கு. சுமந்து பெத்த அம்மா பெயர் இல்லை! அப்பா, அம்மா ரெண்டு பேர் பெயரையும் கேட்கிற அச்சடித்த ஃபாரம் வந்தது 1813-ல்தான்.

ஓடிப்போகும் ரூட்

1754-ல் கல்யாணச் சட்டம் கடுமையானது. மணமக்கள் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடணும். எழுதத் தெரியாதவங்க ஒரு எக்ஸ் மார்க். அந்த மார்க்குகளை எண்ணித்தான் அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு எழுதத் தெரியும் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்குக் கணக்குப் போடுறாங்க.

21 வயசுக்குக் கீழே என்றால் வீட்டுச் சம்மதமும் தேவை. சம்மதிக்காத வீட்டுக் காதல் ஜோடிகள் என்ன பண்ணினாங்க? ஸ்காட்லாந்தில் இந்தச் சட்டம் செல்லாதே! பார்டர் தாண்டினதும் வர்ற கிரெட்னா கிரீன் ஊருக்கு எஸ்கேப். அங்கே கொல்லுப் பட்டறையில் கல்யாணம். சினிமா க்ளைமாக்ஸ் தோத்துடும்!

வாலியின் வால்நட்சத்திரம் அல்ல... ஹாலியின் டேபிள்!

ஜான் கிரான்ட் லண்டனில் துணி வியாபாரி. சர்ச்சுகளிடமிருந்து வாராவாரம் திரட்டிய சாவுக் கணக்கையும் ஞானஸ்நானக் கணக்கையும் உட்கார்ந்து அலசி, 1662-ல் ஒரு புத்தகம் போட்டார். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் கொஞ்சம் அதிகமாகப் பிறக்கின்றன என்பதை எண்களோடு காட்டினார். நம்மைப் பாடாய்ப்படுத்தும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பருக்கு அவரும் ஒரு காரணம்!

1693-ல் இன்னொருத்தர். வால்நட்சத்திரப் புகழ் எட்மண்ட் ஹாலியேதான். பிரெஸ்லாவ் நகரத்தின் (இப்போது போலந்தில் உள்ள வ்ரோட்ஸ்வாஃப்) பிறப்பு, இறப்புக் கணக்கை ஒரு பாதிரியார் சேர்த்து வெச்சிருந்தார். அதை வெச்சு, எந்த வயசுக்காரர் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்று ஹாலி டேபிள் போட்டார். இன்ஷூரன்ஸ் கணக்குக்கெல்லாம் அதுதான் முன்னோடி.

1964-ல் ஆரம்பித்த கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. வாலன்டியர்கள் கையால் எண்ணிக்கொடுத்த 404 ஊர்களின் ரிஜிஸ்டர்களை வைத்து, 1541 முதல் 1871 வரை இங்கிலாந்தின் மக்கள்தொகையைக் கணக்கிட்டு 1981-ல் வெளியிட்டது. ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்கு 14 வயசுகூட ஆகலை. ஆனால், நிஜ இங்கிலாந்துப் பெண்கள் சராசரியாக இருபதுகளின் நடுவில்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு ரிஜிஸ்டர் சொல்லுது!

நம்ம சென்னையில்...

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி சர்ச் 1680 அக்டோபர் 28-ல் அர்ப்பணிக்கப்பட்டது. ஒரே வாரத்தில், நவம்பர் 4-ல் அங்கே நடந்த முதல் கல்யாணம் எலிஹு யேலுடையது. அமெரிக்காவின் யேல் யுனிவர்சிட்டிக்குப் பெயர் கொடுத்த அதே யேல்! 1753 பிப்ரவரி 18-ல் ராபர்ட் கிளைவின் கல்யாணமும் இதே சர்ச்சில்தான்.

அந்த இன்னொரு வரி

பெரிய மனுஷங்களுக்கு ரிஜிஸ்டர் இல்லாட்டியும் சிலை இருக்கு, கல்வெட்டு இருக்கு. சாதாரண ஜனங்களுக்கு? ரிஜிஸ்டரைத் தவிர வேற நாதி கிடையாது. அதிலும் குவேக்கர்கள், யூதர்கள் போல அந்தச் சர்ச்சைச் சேராதவர்களுக்கு இடமில்லை. எந்த மதமானாலும் பிறப்பு, இறப்பைப் பதியும் அரசு அலுவலகம் இங்கிலாந்துக்கு வந்தது 1837-ல்தான்.

ஸ்ட்ராட்ஃபோர்ட் ரிஜிஸ்டரில் 1564 ஜூலை 11-க்கு நேரா ஒரு பையனின் அடக்கம். ஒரு நெசவாளியிடம் வேலை பழகிக்கொண்டிருந்தவன். பக்கத்திலேயே, கொள்ளைநோய் இங்கேதான் தொடங்கியது என்று லத்தீனில் ஒரு குறிப்பு. அந்த வருஷம் ஊரில் 200 பேருக்கு மேல் செத்துப்போனாங்க. மூணு மாசம்கூட நிரம்பாத கைக்குழந்தை ஷேக்ஸ்பியர் எப்படியோ தப்பிச்சுட்டார்.

பிழைத்தவர் நாடகமா எழுதித் தள்ளினார். செத்த பையனுக்கு அந்த வாய்ப்பே வரலை. ஆனால், அந்தப் புத்தகத்தில் ரெண்டு பேருக்கும் ஒரே அளவு இடம்தான். ஆளுக்கு ஒரு வரி!