பங்குக் கடையின் வாடகை: வரி யார் தலையில்?

பலருக்குச் சொந்தமான கடையிலிருந்தோ வீட்டிலிருந்தோ வரும் வாடகைக்கு வருமான வரி செலுத்த வேண்டியவர் யார் என்பதைத் தீர்மானிப்பது உரித்துப் பங்கு. வாடகையை யார் கையில் வாங்குகிறார் என்பதல்ல. மாத்தளை திருகோணமலை வீதியிலோ தம்புள்ளையிலோ தந்தை விட்டுச்சென்ற கடைக்கு மூத்த மகன் வாடகை வாங்கி, மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது குடும்பங்களில் இயல்பான ஏற்பாடு. முழு வாடகையையும் அவர் தன் பெயரில் காட்டுவதும் தவறு. யாருமே காட்டாமல் விடுவதும் தவறு.

ஆகவே முதலில் தெரிய வேண்டியது பங்கு. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், மாத்தளையில் ஒரே தெருவில் இருக்கும் மூன்று குடும்பங்களுக்கு மூன்று சட்டங்கள் பொருந்தலாம். பொதுச் சட்டத்தின் கீழ் வரும் மலையகத் தமிழ்க் குடும்பத்தில், 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி மனைவிக்குப் பாதி. மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு. கண்டிச் சிங்களவருக்கு 1938 ஆம் ஆண்டின் கண்டியச் சட்டம் தனி. வாடகையும் இந்தப் பிரிபடாத பங்குகளின்படியே பிரியும்.

கணக்கில் பார்த்தால் இதன் கனம் புரியும். பொதுச் சட்டத்தின் கீழ் தாயும் மூன்று பிள்ளைகளும் வாரிசுகள். கடை வாடகை மாதம் 180,000 ரூபா, ஆண்டுக்கு 2,160,000. தாயின் பங்கு 1,080,000. ஒவ்வொரு பிள்ளைக்கும் 360,000. இலங்கையில் வதியும் தனிநபருக்குத் திருத்தம், பராமரிப்பு, தேய்மானம் ஆகியவற்றுக்காக வாடகையில் 25 சதவீதம் கழியும். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 1,800,000 ரூபா. வேறு வருமானமில்லாத தாய்க்கு 810,000 மட்டுமே மிஞ்சுவதால் வரியே இல்லை. மாதம் 150,000 ரூபா சம்பளம் பெறும் மூத்த மகனின் நிவாரணம் சம்பளத்திலேயே தீர்ந்துவிடும். அவருடைய வாடகைப் பங்கில் 270,000 ரூபாவுக்கு 6 சதவீதப்படி வரி 16,200. முழு வாடகையையும் அவரே தன் பெயரில் காட்டினால், 6, 18, 24 சதவீதம் என்று படியேறி 178,800 ரூபா ஆகும். ஒருவர் பொறுப்பாகக் காட்டினால் போதும் என்ற நல்லெண்ணத்துக்கு இது பெரிய விலை.

இதற்காகப் பங்கை விரும்பியபடி மாற்றிக் காட்டவும் முடியாது. "எனக்கு வேண்டாம், அம்மாவே வைத்திருக்கட்டும்" என்று மகள் வாயால் சொன்னதால் பங்கு கைமாறாது. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாற நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும். அதுவரை அந்தப் பங்கின் வாடகை மகளுடைய வருமானமே. அதைத் தாய்க்குக் கொடுப்பது அவரது விருப்பம். பெற்றோர் சீவிய உருத்தைத் தமக்கு வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதியிருந்தால் கதை வேறு: அவர்கள் வாழும்வரை வாடகை அவர்களுடையது, வரியும் அவர்களுடையது. வெளிநாட்டில் குடியேறிய சகோதரரின் பங்கும், வாடகை இலங்கையில் பிறப்பதால், இங்கே வரிக்குட்பட்டதே.

வாடகைக்காரர் வங்கியாகவோ கம்பனியாகவோ இருந்தால் 10 சதவீதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம். அதற்கான சான்றிதழ் மூத்தவர் பெயரில் மட்டும் வந்தால், மற்றவர்கள் தம் பங்குக்குப் பிடிக்கப்பட்ட வரியைக் கோருவதில் சிக்கல் வரும். வாடகை ஒப்பந்தத்திலேயே எல்லா உரித்தாளரின் பெயரையும் பங்கையும் எழுதி, அவரவர் கணக்குக்கு வாடகையை அனுப்பச் சொல்வதே சரியான வழி. திருப்பிக் கொடுக்க வேண்டிய வைப்புப் பணம் வாடகையல்ல. முன்கூட்டியே வாங்கிய வாடகையோ கைக்கு வந்த ஆண்டின் வருமானம். மாநகர சபைக்குக் கட்டும் சோலைவரி வேறு, வருமான வரி வேறு. ஒன்றின் பற்றுச்சீட்டு மற்றதற்கு உதவாது.

வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. வரிக்குட்பட்ட ஒவ்வொரு பங்காளரும் தம் சொந்த வரி அடையாள இலக்கத்தில் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆம் திகதிக்குள் தவணைகளையும், செப்டெம்பர் 30 க்குள் மீதியையும் செலுத்தி, நவம்பர் 30 க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு விபரத்திரட்டை அனுப்ப வேண்டும்.